பறவைகளின் தோழர் சலீம் அலி

முன்னுரை

மரத்தில் ஒரு பறவை கூவினால் நம்மில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறோம்? காக்கை என்றோ குருவி என்றோ சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அவ்வாறு போய்விடாமல், நின்று, நிமிர்ந்து பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடியே எழுதி வைத்த ஒரு பெரியார் நம் நாட்டில் வாழ்ந்தார். சிறுவனாக இருந்தபோது தொடங்கிய அந்தப் பழக்கத்தை முதுமையிலும் அவர் விட்டுவிடவில்லை. அவர்தாம் இந்தியாவின் பறவை மனிதர் என்று உலகம் போற்றும் டாக்டர் சலீம் அலி அவர்கள்.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை நாங்கள் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற சனவரி மாதத்தில் எங்கள் இயற்கைக் கழகத்தைச் சேர்ந்த மாணவிகள் பதினாறு பேர், அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி அவர்களுடன் வைகை அணைக்குச் சென்றோம். விடியற்காலையில் பேருந்தில் ஏறி, பனி விலகும் முன்பே அணையை அடைந்தோம். பத்தாம் வகுப்பினர் ஒரு குழுவாகவும் ஒன்பதாம் வகுப்பினர் மற்றொரு குழுவாகவும் பிரிந்து, அணையின் இரு பக்கங்களிலும் உள்ள பூங்காக்களிலும் நீர்த்தேக்கத்தின் கரையிலும் பறவைகளைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு.

பூங்காவின் புல்வெளியில் கொண்டலாத்தி ஒன்று தன் கொண்டையை விரித்தும் மடக்கியும் புழுக்களைக் கொத்திக்கொண்டிருந்தது. செடிகளுக்கிடையே தையல்சிட்டு ஓயாமல் குரல் கொடுத்தது. மின்கம்பியில் கரிச்சானும் பனங்காடையும் அமர்ந்திருந்தன. வாய்க்கால் ஓரம் வாலாட்டிக் குருவி நடந்து சென்றது. நீர்ப்பரப்பிலோ முக்குளிப்பான், நீர்க்காகம், நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து ஆகியவற்றைக் கண்டோம். மாலைக்குள் எங்கள் பட்டியலில் முப்பத்தொரு பெயர்கள் சேர்ந்துவிட்டன. மகிழ்ச்சியோடு பேருந்தில் ஏறிய பின்னர்தான் ஒன்பதாம் வகுப்பினரின் பட்டியலிலும் சரியாக முப்பத்தொன்றே இருந்ததை அறிந்தோம்.

அன்று காலையில் நீர்த்தேக்கத்தின் மறுகரையில், வெகு தொலைவில், நீண்ட கால்களுடைய சில பறவைகள் நின்றிருந்தன. இளவெயில் பட்டு அவை சற்றே சிவந்து தெரிந்தன. அவை பூநாரைகளாக இருக்கக்கூடும் என்று எங்களில் ஒருத்திக்குத் தோன்றியது. இருக்கக்கூடும் என்பது பேருந்து பள்ளிக்குத் திரும்புவதற்குள் இருந்தன என்று மாறிவிட்டது. முப்பத்திரண்டாவது பெயராகப் பூநாரை என்று எழுதினோம். பள்ளிக் கண்காட்சியில் எங்கள் குறிப்பேடு முதற்பரிசு பெற்றது. அந்தப் பரிசே சலீம் அலி அவர்களின் வாழ்க்கை பற்றிய ஒரு நூலாக அமைந்ததுதான் வேடிக்கை. அதை நாங்கள் முறை வைத்துப் படித்தோம். தொடர்ந்து நூலகத்திலிருந்த வேறு நூல்களையும் படித்தோம். அவ்வாறு அறிந்தவற்றை இங்கே தோழியருக்குத் தருகின்றோம்.

பிறப்பும் இளமையும்

சலீம் அலி அவர்கள் 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், அந்நாளில் பம்பாய் என வழங்கிய மும்பை மாநகரில் பிறந்தார். மொய்சுதீன், ஜீனத்-உன்-நிஸா தம்பதியருக்குப் பத்தாவது குழந்தை அவர், கடைக்குட்டியும் அவரே. ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியும் அவருடைய துணைவியார் ஹமீதா பேகமும் குழந்தையில்லாதவர்கள். அவர்கள் அனாதைகளான பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே வளர்த்தனர். கேத்வாடி என்னும் பகுதியில் இருந்த அந்தப் பெரிய வீட்டில் சலீமுக்கு அன்புக்குக் குறைவில்லை.

அவர் முதலில் படித்தது கிர்காமில் கிறித்தவ ஊழியச் சங்கம் ஒன்று நடத்தி வந்த பெண்கள் பள்ளியில் என்பதை அறிந்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. தம் தமக்கையர் இருவருடன் அவர் அங்கே சென்று வந்தார். உலகப் புகழ் பெற்ற ஓர் அறிஞர் நம்மைப் போன்ற பெண் பிள்ளைகளுக்கு நடுவே அமர்ந்து எழுத்துக் கற்றார் என்பது நமக்குப் பெருமையே அன்றோ! பின்னர் அவர் புனித சவேரியார் பள்ளியில் சேர்ந்தார். தலைவலி நோய் அடிக்கடி வாட்டியதால் படிப்பு தடைப்பட்டது. வறண்ட காற்று நல்லது என்று சிந்து மாகாணத்திலிருந்த உறவினர் வீட்டிற்குச் சில காலம் அனுப்பப்பட்டார். ஒருவாறாக 1913-இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார்.

வீழ்ந்த குருவி

தாய்மாமன் அமிருதீன் வேட்டைப் பிரியர். ஆகவே சிறுவன் சலீமுக்கும் விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. ஊர்க்குருவிகளைச் சுடுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. அக்காலத்தில் அதைத் தவறாக யாரும் எண்ணவில்லை.

குதிரை லாயத்துச் சுவரில் இருந்த ஒரு பொந்தில் குருவி ஒன்று கூடு கட்டியிருந்தது. பெண் குருவி உள்ளே அடைகாக்க, ஆண் குருவி வெளியே காவல் இருந்தது. சிறுவன் ஆண் குருவியைச் சுட்டான். சிறிது நேரத்தில் வேறோர் ஆண் குருவி அதன் இடத்தில் வந்து அமர்ந்தது. அதையும் சுட்டான். இவ்வாறு ஏழு நாட்களில் எட்டு ஆண் குருவிகள் மாண்டன. ஒவ்வொரு முறையும் பெண் குருவிக்குப் புதிய துணை வந்து சேர்ந்ததைச் சிறுவன் கவனித்து, எண்ணிக்கையோடு எழுதியும் வைத்தான்.

இதைப் படித்தபோது எங்களுக்கு வருத்தமாக இருந்தது. எங்களில் சிலர் இவரைப் பற்றி எழுத வேண்டாம் என்று கூடச் சொன்னார்கள். ஆனால் சலீம் அலி அவர்கள் பெரியவரான பின்னர் அந்தக் குறிப்பை மறைக்கவில்லை. தம் புகழுக்கு இழுக்கு என்று எண்ணி ஏழை மூன்றாகவும் எட்டை இரண்டாகவும் குறைத்துச் சொல்லவில்லை. செய்ததைச் செய்தபடியே வெளியிட்டார். அதனால் அவர் மீது எங்களுக்கு மதிப்பு கூடியது.

அவருடைய வாழ்க்கையைத் திசை திருப்பியதும் ஒரு குருவிதான். ஏறத்தாழ பத்து வயதில் ஒரு நாள் அவர் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் தீற்றல் ஒன்று இருந்தது. வழக்கமாகப் பார்க்கும் ஊர்க்குருவியிடம் அது இல்லை. இது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிச் சிறுவனின் வாயை அடைக்காமல், மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குக் கொண்டுபோய்க் கேட்டு வரும்படி அனுப்பி வைத்தார் அந்த நல்ல மனிதர். அவர் மட்டும் ஏதோ ஒரு குருவி என்று சொல்லியிருந்தால் நமக்குச் சலீம் அலி கிடைத்திருக்க மாட்டார் என்றே நினைக்கின்றோம்.

1883-இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகத்தின் செயலாளராக மில்லார்டு என்னும் ஆங்கிலேயர் இருந்தார். காகிதத்தில் சுற்றிய செத்த குருவியோடு அச்சத்துடன் உள்ளே சென்ற சிறுவனை அவர் அன்புடன் வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார். பாடம் செய்து வைக்கப்பட்ட நூற்றுக்கணக்கான பறவைகளை இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். படிக்க நூல்கள் கொடுத்தார். பறவைகளைப் பாடம் செய்யும் முறையைக் கற்கவும் வழி செய்தார். அன்று முதல் பறவைகளைப் பற்றிய எண்ணம் சலீமை விட்டு அகலவில்லை.

தடைகள்

கல்லூரியின் முதலாண்டுப் படிப்பு அவருக்குக் கடினமாக இருந்தது. அதைப் பாதியில் விட்டுவிட்டு 1914-இல் பர்மாவிலுள்ள தவாய் என்ற இடத்திற்குச் சென்றார். அங்கே குடும்பத்தாருக்குச் சுரங்கத் தொழிலும் மர வாணிகமும் இருந்தன. தொழில் வளரவில்லை, ஆனால் சுற்றியிருந்த காடுகளும் அவற்றிலிருந்த பறவைகளும் அவருக்கு ஆசிரியர்களாயின. 1917-இல் மும்பை திரும்பியவர், பிழைப்புக்கு வேண்டுமென்று வணிகச் சட்டமும் கணக்கியலும் படிக்கலானார். அப்போது புனித சவேரியார் கல்லூரியில் பணியாற்றிய இயேசு சபைத் துறவியும் தாவரவியல் அறிஞருமான அருட்தந்தை எதல்பர்ட் பிளாட்டர், இந்த இளைஞரின் உள்ளம் எதில் இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டார். விலங்கியல் படிக்குமாறு வற்புறுத்தினார். காலையில் வணிகக் கல்லூரி, பின்னர் விலங்கியல் வகுப்பு என்று இரண்டையும் சலீம் அலி படித்து முடித்தார். ஒரு மாணவனின் விருப்பத்தைக் கண்டறிந்து ஊக்குவித்த அந்தத் துறவியாரையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

1918-ஆம் ஆண்டு டிசம்பரில் அவருக்கும் தெஹ்மினா பேகத்திற்கும் திருமணம் நடந்தது. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியல் அறிஞர் பதவிக்கு முயன்றார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லையென்று அது கிடைக்கவில்லை. 1926-இல் மும்பை அருங்காட்சியகத்தில் புதிதாகத் தொடங்கிய இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளராக அமர்ந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் பார்வையாளருக்கும் காட்சிப் பொருள்களை விளக்குவது அவர் பணி. ஆயினும் தாம் கற்றது போதாது என்னும் எண்ணம் அவரை அரித்தது. 1928-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு செருமனிக்குச் சென்றார். பெர்லின் அருங்காட்சியகத்தில் பேராசிரியர் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் அவர்களிடம் பறவையியலை முறையாகப் பயின்றார். பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் பயணத்தை அறியும் முறையையும் அங்கே நேரில் கண்டார்.

1930-இல் தாயகம் திரும்பியவருக்குப் பேரிடி காத்திருந்தது. பணமில்லை என்று சொல்லி அவருடைய பதவியையே எடுத்துவிட்டார்கள். வேறொருவராக இருந்தால் மனம் ஒடிந்திருப்பார். சலீம் அலி தம் துணைவியாருடன் மும்பைக்கு எதிர்க்கரையிலுள்ள கிஹிம் என்ற கடலோரச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே மரமொன்றில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன.

தூக்கணாங்குருவி சொன்ன செய்தி

தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்த்து வியக்காத தமிழர் இல்லை. கிணற்று மேட்டுப் பனையிலும் ஈச்ச மரத்திலும் அவை தொங்குவதை நாமும் பார்த்திருக்கின்றோம். ஆனால் அக்கூட்டிற்குள் நடக்கும் குடும்ப வாழ்க்கையை முறையாகக் கண்டறிந்தவர் சலீம் அலி. வேலையற்றிருந்த அந்த மாதங்களில் அவர் நாள்தோறும் மணிக்கணக்காக அமர்ந்து குருவிகளைக் கவனித்தார்.

ஆண் குருவி நாரைக் கிழித்து வந்து பாதிக் கூட்டைப் பின்னுகிறது. அப்போது பெண் குருவிகள் வந்து கூட்டைப் பார்வையிடுகின்றன. பிடிக்காவிட்டால் போய்விடுகின்றன. ஒரு பெண் குருவிக்குப் பிடித்துவிட்டால், ஆண் குருவி நீண்ட நுழைவாயிலைப் பின்னிக் கூட்டை முடிக்கிறது. பெண் குருவி முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் குருவி அடுத்த கூட்டைப் பின்னப் போய்விடுகிறது. அங்கே வேறொரு பெண் குருவி வருகிறது. இந்தச் செய்தி அதற்கு முன் அறிவியலுக்குத் தெளிவாகத் தெரிந்ததன்று. இதனை விளக்கி அவர் எழுதிய கட்டுரை பறவையியல் அறிஞர்களிடையே அவருக்குப் பெயர் தேடித் தந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. பொறுமையும் கூர்மையான கண்களும் பொய் சொல்லாத குறிப்பேடுமே போதுமானவையாக இருந்தன.

காடும் மலையும்

அந்நாளில் இந்தியாவின் பல பகுதிகளில் என்னென்ன பறவைகள் வாழ்கின்றன என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. சமஸ்தானங்கள் பயணச் செலவை மட்டும் ஏற்றால் தாம் ஊதியமின்றிக் கணக்கெடுத்துத் தருவதாகச் சலீம் அலி முன்வந்தார். ஐதராபாத்தில் தொடங்கி, திருவிதாங்கூர், கொச்சி, மைசூர், குவாலியர், இந்தூர், போபால் எனப் பல சமஸ்தானங்களில் அவர் அலைந்து திரிந்தார். மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் சென்று, கூடாரமடித்துத் தங்கி, விடியற்காலை முதல் இரவு வரை உழைத்தார்.

1933-இல் அவர் மேற்கொண்ட திருவிதாங்கூர், கொச்சிப் பயணம் நமக்கு மிக நெருக்கமானது. மறையூர், மூணாறு, குமுளி, பெரியாற்று ஏரி ஆகிய இடங்களில் அவர் முகாமிட்டார். குமுளி நம் கம்பம் பள்ளத்தாக்கின் தலைவாயில். அந்தப் பெரியாற்று ஏரியின் நீர்தான் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பக்கம் இறங்கி, நம் வயல்களை நனைத்து, வைகை அணைக்கும் வந்து சேர்கிறது. நாங்கள் கரையில் நின்று பார்த்த அதே நீருக்கு மேல்புறத்தில், தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அவரும் நின்று பறவைகளை எண்ணியிருக்கிறார். அப்பயணத்தில் அவர் கண்டு வியந்த தட்டேக்காடு என்னும் இடம், பின்னாளில் 1983-இல் பறவைகள் சரணாலயமாயிற்று.

இப்பயணங்களில் தெஹ்மினா அம்மையார் கணவருக்கு உற்ற துணையாக இருந்தார். நகர வாழ்க்கையில் வளர்ந்த அவர், கூடார வாழ்வை மனமுவந்து ஏற்றார். அவ்வம்மையார் 1939-இல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் எதிர்பாராதவிதமாக மறைந்தார். அப்போது சலீம் அலிக்கு வயது நாற்பத்திரண்டு. அதன்பின் தம் சகோதரி கமூவின் குடும்பத்தாருடன் அவர் வாழ்ந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. துயரத்தை மறக்க வேலையில் மூழ்கினார்.

நூல்களும் நற்பணிகளும்

1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. எளிய நடையில், வண்ணப் படங்களுடன் அமைந்த அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு சாதாரண மக்களும் பறவைகளை அடையாளம் காண முடிந்தது. சிறையிலிருந்த பண்டித நேரு அந்நூலை விரும்பிப் படித்துத் தம் மகள் இந்திராவுக்கும் அனுப்பினார் என்பர். பின்னர், அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளேயுடன் சேர்ந்து, இந்தியத் துணைக்கண்டத்தின் பறவைகள் அனைத்தையும் விவரிக்கும் பத்துத் தொகுதிகளை எழுதினார். இப்பெரும்பணி 1974-இல் நிறைவடைந்தபோது அவருக்கு வயது எழுபத்தேழு.

நூல் எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. நாடு விடுதலை பெற்ற காலத்தில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் பணமின்றித் தத்தளித்தது. பிரதமர் நேருவுக்கு எழுதி உதவி பெற்று அதனைக் காப்பாற்றினார். செத்த குருவியோடு வந்த சிறுவனை வரவேற்ற கழகத்துக்கு அவர் ஆற்றிய நன்றிக் கடன் அது.

இராசசுதானத்திலுள்ள பரத்பூர் சதுப்பு நிலம் மன்னர்களின் வேட்டைக் களமாக இருந்தது. 1938-இல் வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன என்று அங்கே பதிவாகியுள்ளது. விடுதலைக்குப் பின் அந்த நீர்நிலையை வடித்து வயலாக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. சலீம் அலி இடைவிடாது முயன்று அதனைப் பறவைகளின் புகலிடமாக்கினார். 1985-இல் அது உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்று எழுந்த இயக்கத்திற்கும் அவர் துணை நின்றார். அதுவும் 1984-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டுப் பிழைத்தது.

வலசை வரும் பறவைகளைப் பிடித்து, காலில் எண்ணும் முகவரியும் பொறித்த மெல்லிய வளையத்தை மாட்டி விடுவிக்கும் பணியை அவருடைய தலைமையில் கழகம் பெரிய அளவில் நடத்தியது. அந்த வளையம் வேறொரு நாட்டில் கண்டெடுக்கப்பட்டால், பறவை சென்ற வழி தெரிந்துவிடும். நம் தமிழகத்துக் கோடியக்கரையிலும் கழகத்தார் பல ஆண்டுகள் இப்பணியைச் செய்து வந்துள்ளனர்.

அவர் ஒரு மோட்டார் சைக்கிள் பிரியர் என்பது பலருக்குத் தெரியாது. 1950-இல் சுவீடனில் நடந்த பறவையியல் மாநாட்டிற்குச் செல்கையில், தம் வண்டியையும் கப்பலில் ஏற்றிச் சென்று ஐரோப்பாவைச் சுற்றினார். அதில் வந்து இறங்கியவரைக் கண்டவர்கள், இவர் இந்தியாவிலிருந்தே வண்டி ஓட்டி வந்துவிட்டார் என்று எண்ணி வியந்தார்களாம்!

புகழும் மறைவும்

பட்டம் இல்லை என்று வேலை மறுக்கப்பட்டவருக்கு அலிகார், தில்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்கள் மதிப்புறு டாக்டர் பட்டங்களை அளித்தன. 1958-இல் பத்மபூஷண், 1976-இல் பத்மவிபூஷண் விருதுகளை அரசு வழங்கியது. 1967-இல் பிரித்தானியப் பறவையியல் அறிஞர் சங்கத்தின் தங்கப் பதக்கத்தை, பிரித்தானியர் அல்லாதோரில் முதல்வராகப் பெற்றார். 1976-இல் 50,000 டாலர் மதிப்புள்ள கெட்டி பரிசு கிடைத்தபோது, அதன் பெரும்பகுதியை இயற்கைப் பாதுகாப்பு நிதியாகக் கழகத்திற்கே தந்துவிட்டார். 1985-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் வெளிவந்த தம் தன்வரலாற்றுக்கு, ஒரு குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும் தலைப்பையே சூட்டினார். பத்து வயதில் வீழ்த்திய அந்த மஞ்சள் தொண்டைச் சிட்டை அவர் மறக்கவே இல்லை.

1987-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில் மும்பையில் காலமானார். 1990-இல் அவர் பெயரால் ஒரு பறவையியல் ஆய்வு மையம் நம் கோயம்புத்தூரில் நிறுவப்பட்டது. அவருடைய பிறந்த நாளான நவம்பர் 12-ஆம் நாளைப் பறவை ஆர்வலர்கள் ஆண்டுதோறும் கொண்டாடுகின்றனர்.

மேகமலை வௌவால்

நூல்களைத் தேடிப் படித்தபோது, நம் மாவட்டத்தோடு தொடர்புடைய ஒரு செய்தி கிடைத்தது. 1948-இல் தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிந்த ஆங்கஸ் ஹட்டன் என்பவர், நம் மேகமலையில் பழந்தின்னி வௌவால் ஒன்றைப் பிடித்துப் பாடம் செய்து மும்பைக் கழகத்திற்குக் கிடைக்கச் செய்தார். அதைப் பார்த்தவர்கள், எங்கும் காணப்படும் சாதாரண வௌவால் என்று எண்ணிச் சீட்டு எழுதி இழுப்பறையில் வைத்துவிட்டனர். இருபத்துநான்கு ஆண்டுகள் அந்தத் தவறான சீட்டோடே அது கிடந்தது. 1972-இல் தாய்லாந்து நாட்டு அறிஞர் கிட்டி தொங்லொங்யா அதை எடுத்து ஆராய்ந்து, உலகில் அதுவரை எவரும் அறியாத புதிய இனம் அது என்று கண்டார். அதற்குச் சலீம் அலியின் பெயரையே சூட்டினார். இன்று அது சட்டத்தின் சிறப்புப் பாதுகாப்பைப் பெற்ற அரிய உயிர்.

இதைப் படித்த அன்று எங்களுக்கு மதிய உணவு இறங்கவில்லை. கழகத்தார் எழுதிய தவறு, அறியாமல் நேர்ந்த தவறு. அதுவே ஓர் அரிய உயிரை இருபத்துநான்கு ஆண்டுகள் மறைத்து வைத்தது. நாங்கள் எழுதியதோ அறிந்தே எழுதிய தவறு. நாளை யாரோ ஒருவர் எங்கள் குறிப்பேட்டை நம்பி, வைகை அணைக்குப் பூநாரை வந்தது என்று கணக்கில் சேர்த்துக்கொண்டால், அந்தப் பொய் எத்தனை ஆண்டுகள் உலவும் என்று எண்ணிப் பார்த்தோம். எண்ணிய பின் சும்மா இருக்க முடியவில்லை.

மறுநாள் பத்தாம் வகுப்பினர் எண்மரும் சேர்ந்து அருட்சகோதரி அவர்களிடம் சென்று உண்மையைச் சொன்னோம். திட்டுவார்கள் என்று பயந்தோம். அவர்கள் திட்டவில்லை, சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள். அதுவே எங்களுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. பிறகு குறிப்பேட்டை வாங்கி, அந்தப் பெயரைக் கிழிக்கவோ மை பூசி மறைக்கவோ கூடாது என்றும், எழுதியது தெரியும்படி ஒரே கோட்டால் அடித்துப் பக்கத்தில் தேதியும் காரணமும் எழுத வேண்டும் என்றும் சொன்னார்கள். அப்படியே செய்தோம். தொலைவில் நின்ற வெண்ணிறப் பறவைகள், இனம் தெரியவில்லை என்று எழுதினோம்.

எங்கள் கணக்கு முப்பத்தொன்றாகக் குறைந்து, ஒன்பதாம் வகுப்பினருக்குச் சமமாயிற்று. பரிசு நூலை அவர்களிடமே கொடுக்கச் சென்றோம். அவர்கள் நூலைத் தாங்கள் மட்டும் வைத்துக்கொள்ள மறுத்து, இருவர் பெயரையும் எழுதிப் பள்ளி நூலகத்தில் வைக்க வேண்டும் என்றனர். இப்போது அது நூலகத்தில் அறிவியல் அடுக்கில் இருக்கிறது. தோழியர் யாவரும் எடுத்துப் படிக்கலாம்.

முடிவுரை

பெற்றோரை இழந்தும், நோயால் வாடியும், பட்டமின்றியும், வேலையின்றியும் சலீம் அலி அவர்கள் உயர்ந்தார்கள். பொதுத் தேர்வை நினைத்து அஞ்சும் எங்களுக்கு அவருடைய வாழ்க்கை பெரும் ஆறுதல் தருகிறது. தெரியாததைக் கேட்டார், கண்டதை மட்டும் எழுதினார். இந்த இரண்டையும் நாம் அவரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

வரும் சனவரியில் எங்கள் கழகம் மீண்டும் வைகை அணைக்குச் செல்லும். நாங்கள் அப்போது பள்ளியை விட்டுப் போயிருப்போம். தொலைநோக்கியும் குறிப்பேடும் அன்று ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளின் கையில் இருக்கும். மறுகரையில் நிற்கும் அந்த வெண்ணிறப் பறவைகள் யாவை என்பதை அவர்களாவது அருகில் சென்று பார்த்து எழுதட்டும். அவை கொக்குகளாகவே இருந்தாலும் எங்களுக்கு மகிழ்ச்சிதான்.

— இயற்கைக் கழகத்தின் சார்பில், பத்தாம் வகுப்பு மாணவி